காசுக்கு மோடா, இலவச மோடா?

கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ் கேமுக்குள் கொண்டுவர ஊட்டிப் பையன் ஒருவன் மாதக்கணக்கில் கண்விழித்தால், அந்த மோடுக்கு, அதாவது ரசிகர்களே செய்து கேமில் சேர்க்கும் மாற்றத்துக்கு, காசு கேட்கலாமா? கேட்கட்டுமே! வளைவுக்கு வளைவு எண் பலகை, பெயர்ப் பலகையில் தமிழ் எழுத்து, திருப்பத்தில் அடிக்கும் ஹார்ன் என்று எல்லாமே அவன் உழைப்பு.

ஆனால் விலை வைத்தால் கேள்விகளும் கூடவே வரும். பஸ்ஸின் மாடல் வேறொருவர் சும்மா கொடுத்ததாக இருந்தால் அவருக்கு என்ன பங்கு? கேம் அப்டேட் ஆகி மோடு படுத்துவிட்டால் காசு கொடுத்தவன் சும்மா விடுவானா? கேம் நிறுவனம் விற்பனைக்கு அனுமதித்திருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும்.

2015 ஏப்ரலில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் ஸ்கைரிம் என்ற கேமின் மோடுகளை விற்கத் தொடங்கினார்கள். மோடு செய்தவருக்கு 25 சதவீதம்தான். மீதி ஸ்டீமை நடத்தும் வால்வு நிறுவனத்துக்கும் ஸ்கைரிமை உருவாக்கிய பெதஸ்தாவுக்கும். எதிர்ப்பு கிளம்பி, நான்கே நாளில் திட்டத்தைக் கைவிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இலவச மோடில் இந்தத் தலைவலி குறைவு. ஒருவர் செய்ததை இன்னொருவர் கேட்டு வாங்கி மெருகேற்றலாம். கோத்தகிரியில் கையில் காசில்லாத பள்ளிப் பிள்ளையும் விளையாடலாம். குறை ஒன்றுதான்: செய்தவர் சலித்துப்போய்ப் பாதியில் விட்டுவிடுவார்.

அதனால் என் ஓட்டு இலவசத்துக்கே. ஆனால் பக்கத்திலேயே நன்கொடைக்கு ஒரு க்யூஆர் கோடு இருக்கட்டும். இறக்கியவர்கள் ஒரு டீக் காசாவது போடுங்கள்.