நீல பெல்ட்டுக்கு யார் தயார்? பதிவேடு, தேர்வு, பதக்கம், பயிற்சியாளரின் கண்

எங்கள் ஜியு-ஜிட்சு (தரையில் மல்லுக்கட்டும் தற்காப்புக் கலை) பயிற்சிக்கூடத்தில் சென்ற டிசம்பரில், தொடக்க நிலையான வெள்ளை பெல்ட்டில் இருந்த இருவரில் யாருக்கு அடுத்த நீல பெல்ட்டைத் தருவது என்று அரை மணி நேரம் வாதம் நடந்தது. ஒருவன் 22 வயது பொறியியல் மாணவன். சேர்ந்து பதினான்கு மாதம், வாரம் ஐந்து நாள் வருவான், உள்ளூர்ப் போட்டிகளில் இரண்டு தங்கம். மற்றவர் 46 வயது வங்கி ஊழியர். மூன்றரை ஆண்டாக வாரம் இரண்டு நாள். போட்டிப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. தொடக்க வகுப்பை நான் எடுப்பதால் என்னையும் உட்காரவைத்துக் கேட்டார்கள். மாணவனைத் தம்பி என்றும் வங்கிக்காரரை அண்ணன் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். கூடத்திலும் அப்படித்தான் அழைக்கிறோம்.

கராத்தே பழகியவர்களுக்கு இந்த வாதமே விநோதமாகத் தோன்றும். அங்கே பாடத்திட்டம் உண்டு, கட்டா என்னும் வகுத்துவைத்த அசைவுத் தொடர் உண்டு, தேர்வு நாள் உண்டு. பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் பெரியவர்களுக்குக் கறுப்பு வரை வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்று ஐந்தே நிறங்கள். கறுப்பை எட்டப் பத்தாண்டு ஆவது சாதாரணம். ஜப்பானில் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1883-இல் தன் மாணவர் இருவருக்கு முதல் டான் (உயர்நிலைத் தகுதியின் முதற்படி) தகுதி கொடுத்தார். அவருடைய கொடோகான் பயிற்சிக்கூடத்தில் பயின்ற மாயேதா மிட்சுயோ 1914-இல் பிரேசிலுக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் வழியாகத்தான் பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவை வளர்த்த கிரேசி குடும்பத்துக்கு இந்தக் கலை கிடைத்தது. பெல்ட் ஏற்பாடு ஜூடோவிலிருந்து வந்தது, ஆனால் யாருக்கு எப்போது என்பது ஆசிரியர் கையிலேயே தங்கிவிட்டது. இன்றைய பெரிய கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் விதிப்பது வயதும் குறைந்தபட்சக் காலமும்தான்: நீலத்துக்கு 16 வயது, கறுப்புக்கு 19, நீலத்தில் இரண்டு ஆண்டு, ஊதாவில் ஒன்றரை, பழுப்பில் ஒன்று. வெள்ளையில் எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்று விதியே இல்லை. அந்த இடத்தை ஒவ்வொரு கூடமும் தன் வழக்கத்தால் நிரப்பிக்கொள்கிறது.

முதலில் பதிவேட்டை எடுத்துக்கொண்டோம், ஏனென்றால் அதுதான் சுலபம். நாள்காட்டியைப் பார்த்தால் அண்ணன் தம்பியைவிட மூன்று மடங்கு மூத்தவர். வருகையை எண்ணினால் கதை மாறிவிடுகிறது: தம்பி ஏறக்குறைய 300 வகுப்பு, ஆண்டு இறுதிக் கணக்கு முடிக்கும் மாதங்களில் வராமல் போனதைக் கழித்தால் அண்ணனும் ஏறக்குறைய அதே 300. இரண்டில் எது காலம்? ஹவாயைச் சேர்ந்த பி.ஜே. பென் ஏறக்குறைய மூன்றே ஆண்டில் கறுப்பு பெல்ட் வாங்கி, 2000-இல் உலகப் போட்டியின் கறுப்புப் பிரிவில் வென்ற முதல் பிரேசிலர் அல்லாதவர் ஆனார். அதே மூன்று ஆண்டில் வெள்ளையிலேயே இருப்பவர்களும் உண்டு. அவர்கள் சோம்பேறிகளும் இல்லை. இத்தனை வகுப்புக்கு முன் பேச்சே எடுக்கக் கூடாது என்று ஒரு கீழ்வரம்பாகப் பதிவேட்டை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அதனிடம் கேட்க ஒன்றுமில்லை.

தேர்வு என்றதும் எங்களில் இருவர் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்த அளவு வெறுப்பில்லை. தேர்வில் ஒரு நேர்மை இருக்கிறது: என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது மாணவனுக்கு முதல் நாளே தெரியும். கிரேசி குடும்பத்தாரின் இணையவழிப் பயிற்சி நிறுவனமான கிரேசி யுனிவர்சிட்டி 36 உத்திகளைத் தொகுத்துப் பாடமாக்கி, செய்முறையைக் காணொளியாக அனுப்பினால் மதிப்பிட்டு நீல பெல்ட் தரும் வழியைத் திறந்தபோது பெரிய கூச்சல் எழுந்தது. இணையம் வழியாகப் பெல்ட்டா என்று கேட்டவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. பின்னர் அவர்களே அதைத் திருத்தி, நீலத்துக்கு நேரில் வர வேண்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். ஆனால் அந்த 36 உத்திகளின் பட்டியலைப் போல ஒன்று பல கூடங்களில் இல்லவே இல்லை என்பதும் உண்மை.

தேர்வின் கோளாறு, எதிரில் படுத்திருப்பவர் ஒத்துழைக்கிறார் என்பதில் இருக்கிறது. மவுண்டில் (எதிராளியின் உடல்மேல் ஏறி உட்கார்ந்த நிலை) இருந்து ஆர்ம்பார் (கையை நீட்டி முழங்கையைப் பூட்டும் பிடி) போடச் சொன்னால், கீழே இருப்பவர் கையை அழகாக நீட்டிக்கொடுப்பார். அண்ணன் அதில் நூற்றுக்கு நூறு வாங்குவார். கால் எங்கே, இடுப்பு எங்கே, கட்டைவிரல் எந்தப் பக்கம் என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லுவார். தம்பிக்குப் பாதி உத்திகளின் பெயரே தெரியாது. ஆனால் கீழே இருப்பவர் இரண்டு கைகளையும் கோத்து நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு மறுபக்கம் திரும்பும்போது அந்த ஆர்ம்பார் என்ன ஆகிறது என்பதைத் தேர்வு கேட்பதே இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: தேர்வுக்குத் தனிக் கட்டணம் வாங்கும் கூடங்களில் யாரும் தோற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்ப யாருக்கு மனம் வரும்?

ஒருமுறை நாங்கள் கட்டணமில்லாமல் ஒரு மாதிரித் தேர்வு வைத்தோம். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு, தரையிலிருந்து ஒரு கையை ஊன்றி, காலைப் பின்னால் இழுத்துப் பாதுகாப்பாக எழுந்து நிற்கத் தெரியவில்லை. அன்று தோற்றது தொடக்க வகுப்பு எடுக்கும் நான். மாணவனை எடைபோடுவதைவிட ஆசிரியரை எடைபோடத் தேர்வு நன்றாக உதவுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை அதற்காகவே நடத்தலாம்.

பதக்கம்தான் அன்றைய வாதத்தில் சூடு கிளப்பியது. "தங்கம் வாங்கியவனுக்கு இல்லையென்றால் யாருக்கு?" என்று ஒருவர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. போட்டியில் எதிரில் நிற்பவர் அந்நியர். நம் பலவீனம் அவருக்குத் தெரியாது, அவர் பலவீனம் நமக்குத் தெரியாது, கையை நீட்டிக்கொடுக்கவும் மாட்டார். வெள்ளை பெல்ட்டுக்கு ஐந்து நிமிடம். வீழ்த்தினால் 2 புள்ளி, கார்டை (கீழே இருப்பவரின் கால் தடுப்பு) தாண்டினால் 3, மவுண்ட் பிடித்தால் 4, பின்னால் போய் முதுகைப் பிடித்தால் 4. எதையும் மூன்று நொடி நிலைநிறுத்தினால்தான் கணக்கு. அந்த ஐந்து நிமிடத்தில் இதயம் தொண்டைக்கு வரும்போது கற்றதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை வேறு எங்கும் பார்க்க முடியாது.

அதனால்தான் தம்பியின் ஆட்டங்களின் காணொளிகளை எல்லாம் போட்டுப் பார்த்தேன். இரண்டு போட்டியிலும் சேர்த்து மொத்தம் மூன்று ஆட்டம். ஒரு போட்டியில் அவன் எடைப்பிரிவில் இரண்டே பேர். ஒரே ஆட்டத்தில் தங்கம். மூன்றிலும் செய்தது ஒன்றுதான்: எதிராளியின் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழே இழுத்துப் போட்டு, 2 புள்ளியை வாங்கிக்கொண்டு, நேரம் முடியும்வரை விடாமல் பிடித்துக்கொண்டான். நடுவர் கண்டித்தும் விடவில்லை. அந்தப் பிடியிலிருந்து நழுவி முதுகுப் பக்கம் போகத் தெரிந்த எந்த நீல பெல்ட்டும் அவனை ஒரு நிமிடத்தில் கவிழ்த்துவிடும். பதக்கம் பொய்யில்லை. அது சொன்ன செய்தி மிகச் சிறியது, அவ்வளவுதான்.

பதக்கத்தைப் பெரிதாக நம்பும் கூடங்களில் எதிர்ப்பக்க நோய் ஒன்றும் உண்டு. ஜெயிக்கிற மாணவனைக் கீழ் பெல்ட்டிலேயே நிறுத்திவைத்து மேலும் பதக்கம் வாங்க வைப்பார்கள். அவனிடம் முதல் போட்டியிலேயே மாட்டிக்கொள்ளும் புதியவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

போட்டி பெல்ட்டை வாங்கித் தந்த கதைகளில் எல்லாருக்கும் பிடித்தது எடி பிராவோவினுடையது. 2003-இல் சாவ் பாவ்லோவில் நடந்த ஏடிசிசி என்னும் உலக மல்லுக்கட்டுப் போட்டியில், பழுப்பு பெல்ட்டாக இருந்த அவர் அதே கிரேசி குடும்பத்தின் ராய்லர் கிரேசியை டிரையாங்கிள் (கால்களால் கழுத்தை நெருக்கும் பிடி) போட்டுத் தட்டவைத்தார், அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்தார். ஊர் திரும்பியதும் அவருடைய ஆசிரியர் ஜான் ஜாக் மச்சாடோ கறுப்பு பெல்ட்டைக் கட்டிவிட்டார். பதக்கக் கட்சிக்காரர்கள் இந்தக் கதையை உடனே எடுத்துவிடுவார்கள். பல ஆண்டு தன் பாயில் பார்த்துவந்த மாணவனுக்குத்தான் மச்சாடோ அதைக் கட்டினார் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள்.

அண்ணனுக்கும் நான் முழுச் சலுகை தரத் தயாராக இல்லை. "வயதாகிவிட்டது, போட்டியெல்லாம் எதற்கு" என்பார். அவருடைய 46 வயதுக்கென்றே மாஸ்டர் 4 என்ற பிரிவு இருக்கிறது. சமையற்கலைஞர் ஆன்டனி போர்டெய்ன் ஐம்பதுகளின் பிற்பகுதியில் கற்கத் தொடங்கி, 2016-இல் நியூயார்க்கில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கான நீல பெல்ட் பிரிவில் தங்கம் வாங்கினார். இதைச் சொன்னபோது அண்ணன் சிரித்துவிட்டு, "அவருக்கு மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் வேலை இல்லையே" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. போட்டியை நிபந்தனையாக்கினால் இப்படிப்பட்டவர்கள் ஓய்வு பெறும்வரை வெள்ளையிலேயே இருக்க வேண்டியதுதான்.

இனி பயிற்சியாளரின் கண். அன்று எங்கள் பயிற்சியாளர் வாதத்தை நிறுத்திவிட்டு இருவரையும் பாய்க்கு அழைத்தார். 90 கிலோ ஊதா பெல்ட்காரர் ஒருவர் மவுண்டில் உட்கார வேண்டும். கீழே இருப்பவர் வெளியே வர வேண்டும். மூன்று நிமிடம்.

தம்பி இரண்டு கைகளாலும் மேலே இருப்பவரின் நெஞ்சைத் தள்ளினான், ஜிம்மில் எடை தூக்குவதுபோல. நீட்டிய கை ஆர்ம்பாரில் மாட்டியது, தட்டினான். மறுபடி அதே தள்ளல், அதே கை. மூன்று நிமிடத்தில் நான்கு முறை. ஒவ்வொரு முறையும் முன்பைவிட வேகமாகத் தள்ளினான்.

அண்ணன் முழங்கைகளை விலாவோடு ஒட்டவைத்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, முதலில் மூச்சு விட்டார். இருபது நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இடுப்பு ஒரு சாண் நகர்ந்தது. முழங்கை, மேலே இருப்பவரின் முட்டியைச் சற்றே தள்ளியது. கிடைத்த இடுக்கில் தன் முட்டியை நுழைத்து ஒரு காலைப் பிடித்துக்கொண்டார். ஹாஃப் கார்ட். அங்கிருந்து மேலே ஏறவில்லை, எதையும் தாக்கவில்லை, ஆனால் ஒருமுறைகூடத் தட்டவும் இல்லை.

அடுத்து பயிற்சியாளர் எங்களிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "நாளைக்கு 50 கிலோ எடையில் ஒரு பெண் முதல் நாள் வகுப்புக்கு வருகிறார். இவர்களில் யாரோடு ஸ்பாரிங் (பயிற்சி ஆட்டம்) விடுவீர்கள்?" யாரும் யோசிக்கவில்லை. தம்பி முரடன் இல்லை, நல்ல பையன்தான். ஆனால் பதற்றத்தில் தன் பலம் எங்கே போகிறது என்று அவனுக்கே தெரியாது. இரண்டு மாதம் முன்பு அவனோடு பழகிய ஒருவருக்கு விலா எலும்பு வலியெடுத்து மூன்று வாரம் வரவில்லை.

பதிவேடு, தேர்வு, பதக்கம் மூன்றும் காட்டாததை அந்த ஆறு நிமிடம் காட்டிவிட்டது. என் ஓட்டு இந்த முறைக்குத்தான்: மோசமான நிலையில் படுக்கவைத்து, ஒத்துழைக்காத ஆளை மேலே வைத்து, ஆசிரியர் தன் கண்ணால் பார்ப்பது. ஆனால் பார்க்க வேண்டும். அறுபது பேர் வகுப்பில் ஓரமாக நின்றுகொண்டு கைபேசியை நோக்கும் கண்ணுக்கு இது பொருந்தாது. பிடித்த மாணவன் தவறினால் "இன்று உடம்பு சரியில்லை போல" என்றும், பிடிக்காதவன் தவறினால் "பார்த்தீர்களா" என்றும் சொல்லும் கண்களும் உண்டு.

இதைவிடப் பெரிய குறை, கண்ணுக்கு வாய் இல்லாமல் போவது. பெல்ட்டைப் பற்றிக் கேட்பதே அநாகரிகம் என்பது இந்த விளையாட்டின் எழுதாத சட்டம். மாணவன் கேட்க மாட்டான், ஆசிரியர் சொல்ல மாட்டார். நான் முன்பு பழகிய இடத்தில் வெள்ளை பெல்ட்டில் நான்கு கோடும் (அடுத்த பெல்ட்டுக்கு முந்தைய படிகள்) வாங்கிவிட்டு ஒன்றரை ஆண்டு நின்றேன். காரணம் பின்னர் மூன்றாவது ஆள் மூலமாகத் தெரிந்தது: நெருக்கடி வந்தால் நான் முதுகைக் காட்டித் திரும்பிவிடுகிறேனாம். உண்மைதான். அந்த ஒரு வாக்கியத்தை என்னிடம் சொல்லியிருந்தால் மூன்று மாதத்தில் சரிசெய்திருப்பேன். என்னோடு நின்ற இருவர் ஜியு-ஜிட்சுவையே விட்டுவிட்டார்கள்.

அதனால் அன்று நான் ஒன்றை மட்டும் வற்புறுத்தினேன்: தம்பிக்கு இல்லை என்றால், ஏன் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பயிற்சியாளருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இருந்தாலும் ஒரு தாளைக் கிழித்து மூன்று வரி எழுதினார். கீழே இருக்கும்போது கையை நீட்டாதே. தலைப்பிடி இல்லாமல் ஒரு போட்டி ஆடு. உன்னைவிட இருபது கிலோ குறைந்தவரோடு பழகி, அவர் மறுநாளும் உன்னிடமே வர வேண்டும்.

அண்ணனுக்கு அந்த வாரம் நீல பெல்ட் கட்டப்பட்டது. புதிதாகப் பெல்ட் வாங்கியவரை இரண்டு வரிசைக்கு நடுவே நடக்கவிட்டுப் பெல்ட்டால் முதுகில் விளாசும் வழக்கம் எங்கள் கூடத்தில் இல்லை. அவர் அதற்கு நன்றி சொன்னார். தம்பி இரண்டு வாரம் தலைகாட்டவில்லை. மூன்றாவது வாரம் வந்து, அண்ணனை மவுண்டில் உட்காரச் சொல்லிக் கீழே படுத்தான். அந்தத் தாள் இப்போது அவன் பையின் உள்ஜிப்பில் நான்காக மடித்தபடி இருக்கிறது. முதல் இரண்டு வரி அடிக்கப்பட்டுவிட்டன.