மார்கழிப் பனிக்கு ஆட்டோவா ப்ரோவா, வைடா ஜூமா?

மார்கழி பிறந்துவிட்டால் கோபி (கோபிசெட்டிபாளையம்) பக்கத்து வயல்களில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். ஆறு மணிக்கெல்லாம் வாய்க்கால் மேட்டில் நாலு பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், எதிரே வெள்ளையாக இருக்கும், வேறொன்றும் இருக்காது. போன வருடம் மாட்டுக்குப் புல் அறுக்க வந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, அங்க ஒண்ணுமே தெரியலீங்களே, எதைப் போட்டோ எடுக்கறீங்க?" என்றார். "அந்தத் தெரியாததைத்தானுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தால், என் போனும் அந்தப் பெரியவர் கட்சிதான் என்று புரிந்தது. தெரியாததை எல்லாம் தெரிய வைத்திருந்தது. பனை மரத்தில் ஓலை ஓலையாக எண்ணலாம், பனியை மட்டும் காணோம்.

ஆட்டோ மோடின் பிரச்சினை இதுதான். ஷட்டரை ஒரு தடவை தொட்டால் போன் பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்குகிறது, இருட்டான இடத்தைத் தூக்குகிறது, வெளுத்த இடத்தை அமுக்குகிறது, ஓரங்களைக் கூர்மையாக்குகிறது. கல்யாண வீட்டில் எடுக்க இது அருமை. ஆனால் அதன் கணக்கில் பனி என்பது ஒரு கோளாறு, சரிசெய்து கொடுக்க வேண்டிய ஒன்று. நைட் மோடு தானாக விழித்துக்கொண்டால் இன்னும் மோசம், ஆறு பத்துக்கு எடுத்த படம் காலை ஒன்பது மணி மாதிரி இருக்கும். அப்புறம் நிறம். விடிவதற்கு முன்னால் பனிக்கு ஒரு நீலம் உண்டு, அந்தக் குளிரே அந்த நீலத்தில்தான் இருக்கிறது, நிறத்தைத் தானாகச் சரிசெய்கிற ஆட்டோ வொயிட் பேலன்ஸ் பெரும்பாலும் அதையும் துடைத்து வெறும் சாம்பலாக்கிவிடும்.

எல்லாவற்றையும் நாமே கையால் வைக்கிற ப்ரோ மோடுக்குப் போனால் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் தீரும். வொயிட் பேலன்ஸை 5500 கெல்வின் பக்கம் நிறுத்திவிட்டால் நீலம் நீலமாகவே நிற்கும். சூரியன் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பு நான் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200, ஷட்டர் 1/50 நொடி என்று ஆரம்பித்து வெளிச்சம் ஏற ஏற மாற்றிக்கொண்டே போவேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்த "மாற்றிக்கொண்டே" என்பதில்தான் ப்ரோ மோடு காலை வாருகிறது. பனியோடு வெளிச்சம் சேர்ந்து மாறுகிற அந்த இருபது நிமிடத்தில், விறைத்த விரலால் ஸ்லைடரைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, ஒரு கொக்குக் கூட்டம் அப்படியே வயலுக்கு மேலே போனது. நான் ஐஎஸ்ஓவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதனால் இப்போது நான் இருப்பது நடுவில். சாதாரண கேமராவிலேயே, தூரத்துப் பனை அடிமரம் மாதிரி கொஞ்சம் அழுத்தமான ஓரம் உள்ள ஒன்றின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். வெறும் பனியின் மேல் வைத்தால் ஃபோகஸுக்குப் பிடிமானம் கிடைக்காமல் முன்னும் பின்னும் அலையும். பூட்டிய பிறகு பக்கத்தில் வருகிற சூரியப் பொத்தானைக் கொஞ்சம் மேலே இழுக்க வேண்டும், அரை ஸ்டாப், முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). வெள்ளைப் பரப்பு நிறைய இருந்தால் போனின் ஒளி மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், நாம்தான் வெள்ளைக்கு இழுத்துக் கொண்டுவர வேண்டும். சூரியனே ஃபிரேமுக்குள் வந்துவிட்டால் மட்டும் தலைகீழ், கீழே இழுக்கணும். எச்டிஆரை, அதாவது மேலே சொன்ன அந்தப் பல படங்களை அடுக்குகிற வேலையை, அணைக்க வழியுள்ள போனாக இருந்தால் அணைத்துவிடுங்கள்.

எடிட் பண்ண நிறைய இடம் கொடுக்கிற ரா ஃபைலா, வழக்கமான ஜேபெக்கா என்பதற்குச் சுருக்கமான பதில்: மனசுக்குப் பிடித்த இரண்டு மூன்று ஃபிரேமுக்கு மட்டும் ரா. ஐபோனின் ப்ரோரா 12 மெகாபிக்சலிலேயே ஒரு படம் 25 எம்பி வாக்கில் வரும், 48 மெகாபிக்சல் என்றால் 75 எம்பி வரைக்கும் போகும். ஆண்ட்ராய்டில் பல போன்களின் ப்ரோ மோடிலேயே ரா எடுக்கலாம். லைட்ரூம் ஆப்பில் எடிட் பண்ணும்போது டீஹேஸ் (மூட்டம் நீக்கும்) ஸ்லைடரை இடது பக்கம், அதாவது மைனஸில், ஐந்தோ பத்தோ தள்ளிப் பாருங்கள், போன் துடைத்த பனி கொஞ்சம் திரும்பி வரும். முப்பது தள்ளினால் சாம்பிராணி போட்ட மாதிரி ஆகிவிடும்.

லென்ஸ் விஷயத்தில் எனக்கு நடுநிலை எல்லாம் கிடையாது. பரந்த வயல், பெரிய வானம் என்றதும் எல்லோருடைய கையும் 0.5 எக்ஸ் வைடு லென்ஸுக்குத்தான் போகிறது, என் கையும் இரண்டு வருடம் அங்கேதான் போனது. அதில் பனி பதியாது. பனி கண்ணுக்குத் தெரிவதே அடுக்கடுக்காகத்தான்: கிட்ட இருக்கிற தென்னை கறுப்பு, அடுத்த வரப்புப் பனை கொஞ்சம் வெளுப்பு, அதற்குப் பின்னால் கோயில் கோபுரம் நிழல் மாதிரி, அதற்கும் பின்னால் மலை இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம். வைடு லென்ஸ் இந்தப் பின்னடுக்குகளை எல்லாம் நகத்தளவுக்குச் சுருக்கிவிட்டு, காலடியில் இருக்கிற சேற்று வரப்பைப் பெரிதாகக் காட்டும். போதாததற்குப் பல போன்களில் அந்த லென்ஸுக்குப் பின்னால் இருப்பது சின்ன சென்சார், விடிகாலை வெளிச்சத்தில் மணல் தூவியது மாதிரி புள்ளிகள். 3 எக்ஸ் ஜூம் இதற்கு நேர் எதிர், அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பக்கத்தில் இழுத்து வைக்கிறது.

ஒரு எச்சரிக்கை. வெளிச்சம் குறைவாக இருந்தால் பல போன்கள் 3 எக்ஸ் என்று போட்டுக்கொண்டே, தூரத்தை இழுக்கிற டெலி லென்ஸை விட்டுவிட்டு, மெயின் கேமரா படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் கொடுக்கும். சந்தேகம் வந்தால் டெலி லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள், மூடிய உடனே திரை இருட்டாகவில்லை என்றால் ஏமாற்றுகிறது. டெலி இல்லாத போன் வைத்திருப்பவர்கள் 50 மெகாபிக்சல் மெயின் கேமராவில் 2 எக்ஸோடு நிறுத்திக்கொள்ளலாம், நன்றாகவே வரும்.

சரி, எங்கே போவது? கோபி வயலா, வால்பாறையா? இரண்டும் ஒரே பனி இல்லை. கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாய்கிற வயல்களில் இருப்பது தரையில் பிறக்கிற பனி, ராத்திரி வானம் தெளிந்து தரைச்சூடு மேலே போய்விட, ஈரக்காற்று கீழேயே குளிர்ந்து இடுப்பளவில் படுத்துக்கிடக்கும். மரத்தலைகள் மேலே, பனி கீழே என்பதால் படம் தானாகவே அமையும். ஆனால் ஆயுசு குறைவு, சூரியன் வந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் காலி. வால்பாறையில் நாம் மேகத்துக்குள்ளேயே நிற்கிறோம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏசி காரிலிருந்து இறங்கிய உடனே எடுத்த என் முதல் முப்பது படமும் வீண், குளிர்ந்திருந்த லென்ஸின் மேலேயே ஈரம் படிந்து எல்லாம் மசமசவென்று வந்திருந்தது, நான் அதைப் பனி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைசி சில வளைவுகளுக்கு ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனால் இந்தத் தொல்லை இல்லை. தேயிலைச் சரிவில் மேகம் திறந்து மூடுகிற நேரம் அற்புதம்தான், ஆனால் அது திறக்குமா என்று மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சில நாள் திறக்கவே திறக்காது.

பொள்ளாச்சித் தென்னந்தோப்பு மூன்றாவது வழி. மரங்களுக்கிடையில் வெயில் கத்தி கத்தியாக இறங்கும், சூரியனைப் பார்த்து நின்று எடுக்க வேண்டும், முதுகைக் காட்டி நின்றால் ஒன்றும் வராது. இந்த விதி வயலுக்கும் பொருந்தும். சிக்கல், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. அது வீசுகிற நாளில் அங்கே பனி நிற்காது.

ட்ரைபாட் நான் எடுத்துப் போவதில்லை. வாய்க்கால் மதகுக் கல்லில் துண்டை மடித்து வைத்து அதன்மேல் போனைச் சாய்த்தால் போதும், அதே துண்டு லென்ஸ் துடைக்கவும் ஆகும்.

ஒரே ஒரு காலை கிடைத்தால் நான் கோபிக்குத்தான் போவேன், 3 எக்ஸ், எக்ஸ்போஷர் பூட்டு, டிசம்பர் கடைசியில் சூரியன் ஆறே முக்கால் வாக்கில் வரும் என்பதால் ஆறு மணிக்கே மேட்டில். அதுவும் முந்தின நாள் ராத்திரி வாசலில் நின்று மேலே பார்ப்பேன். நட்சத்திரம் பளிச்சென்று இருந்து, தென்னை ஓலை அசையாமல் இருந்தால் ஐந்து மணிக்கு அலாரம். ஓலை ஆடினால் வைப்பதில்லை.