படப்பைப் பக்கம் ‘ஃபேஸ் 2’ மனைக்கு டோக்கன் போடப் போகிறீர்களா?

அப்படி ஒரு மனைக்கு நான் முன்பணமாகக் கொடுத்தது நாலரை லட்சம். இன்றுவரை திரும்பி வந்தது மூன்று லட்சம். மிச்சத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போட வேண்டாம் என்கிறார் வக்கீல். சரி, பெயர் வேண்டாம். நடந்த விதத்தைச் சொல்கிறேன். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்டினால் சிக்னலில் கைக்கு வரும் நோட்டீஸ்களில் பல இதே அச்சில்தான் இருக்கின்றன.

பெருங்களத்தூரில் வாடகை வீடு எங்களுக்கு. எனக்கு ஒரகடத்தில் வேலை. 2010-ல் ரெனோ–நிசான், 2012-ல் டெய்ம்லர் என்று ஆலைகள் வந்த பிறகு, கம்பெனி பஸ் போகிற ஊர்களில் எல்லாம் வயலில் கல் நட ஆரம்பித்துவிட்டார்கள். வேலை வந்தது, வேலைக்காரர்கள் வந்தார்கள், வீடு மட்டும் யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை. அந்த இடைவெளியில்தான் வேன் வைத்து ஆள் பிடிக்கிறார்கள்.

எங்களைப் பிடித்தது 2024 ஜனவரியில். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்து இரண்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. வேனில் எங்களோடு இன்னும் மூன்று குடும்பங்கள். போகும்போது தண்ணீர் பாட்டில், திரும்பும்போது பிரியாணிப் பொட்டலம். நடுவில் எங்களைக் கூட்டிப்போன விற்பனைப் பையன் பேசிய பேச்சு இருக்கிறதே! “சார், கிளாம்பாக்கம் வந்தாச்சு. ஏர்போர்ட்லேருந்து மெட்ரோ வருது. இந்த ஊரே இனிமே சிஎம்டிஏ லிமிட். ரெண்டு வருஷம் கழிச்சு இந்த ரேட்டுக்கு என்கிட்ட வந்து கேட்டீங்கன்னா நானே தர மாட்டேன்.”

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அந்த நோட்டீஸில் அவர்களுடைய சரக்கு என்று ஒன்றுமே இல்லை, எல்லாம் அரசாங்கத்தின் சரக்கு. அதையும் அரைகுறையாகத்தான் சொன்னார்கள். விமான நிலையம்–கிளாம்பாக்கம் மெட்ரோ என்பது 15.46 கிலோமீட்டருக்குப் போட்ட திட்ட அறிக்கை, அன்றைக்கு ஒரு தூண்கூட எழும்பியிருக்கவில்லை. அவ்வளவு பெரிய பஸ் ஸ்டாண்டைத் திறந்தபோது அதற்கென்று ஒரு ரயில் நிலையம்கூடக் கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஜிஎஸ்டி சாலையில் ஆட்டோ தேடியதை நானே பார்த்திருக்கிறேன். பார்த்தும் நம்பினேன் என்பதுதான் விஷயம்.

சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்க அரசாணை வந்தது உண்மை. அதனால் ஒரு வயல் குடியிருப்பு நிலமாக மாறிவிடாது. திட்டமிடும் எல்லைக்குள் ஓர் ஊர் வருவது வேறு, அந்த ஊரில் ஒரு குறிப்பிட்ட புல எண்ணுக்கு (சர்வே நம்பருக்கு) மனைப்பிரிவு அனுமதி கிடைப்பது வேறு. பையன் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான், நானும் ஒரே மூச்சில் கேட்டுக்கொண்டேன்.

மனை 1,200 சதுர அடி, அரை கிரவுண்ட். சதுர அடி 1,850 ரூபாய், மொத்தம் 22 லட்சத்து 20 ஆயிரம். அன்றே டோக்கன் 50 ஆயிரம் போட்டோம். “டிடிசிபி அப்ரூவ்டு, ரெரா அப்ரூவ்டு” என்று எண் போட்ட பெரிய போர்டு வாசலில் நின்றது. டிடிசிபி என்றால் மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் நகர் ஊரமைப்பு இயக்ககம், ரெரா என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். போனிலேயே ரெரா இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பார்த்தேன், உண்மையாகவே இருந்தது. அதோடு என் புத்திசாலித்தனம் முடிந்துவிட்டது.

மாமனார் வருவாய்த் துறையில் கிராம உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி. “சர்வே நம்பர் என்ன மாப்பிள்ளை?” எனக்குத் தெரியவில்லை. “ரெரா நம்பரே இருக்கு மாமா” என்றேன். “அது சரி. சர்வே நம்பர்?” என்றார் மறுபடியும். அந்தக் காலத்து மனிதர், ஆன்லைனில் எல்லாம் வந்துவிட்டது தெரியாமல் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு அவரிடம் பிற்பாடு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

இரண்டு வாரத்தில் இன்னொரு நான்கு லட்சம் வாங்கிவிட்டார்கள். “அக்ரிமெண்ட் போட்டாத்தான் சார் பிளாட்டை பிளாக் பண்ண முடியும்.” ஸ்டாம்ப் பேப்பரில் ஒப்பந்தம், பதிவு எதுவும் கிடையாது. ரெரா சட்டத்தின் 13-வது பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் மனை விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. என் கணக்கில் அது 2,22,000. இரண்டு மடங்கு வாங்கியிருக்கிறார்கள். அதைவிடக் கொடுமை, அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது நில உரிமையாளரும் இல்லை, மனைப்பிரிவு போட்ட புரமோட்டரும் இல்லை. மார்க்கெட்டிங் கம்பெனி. விற்க உரிமையே இல்லாத ஒருவரிடம் வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறேன்!

குட்டு உடைந்தது வங்கியில். கடனுக்குக் கொடுத்த காகிதங்களை வங்கியின் வக்கீல் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அனுமதி வரைபடத்தை மேஜையில் விரித்து, “உங்க மனை எங்கே இருக்கு, காட்டுங்க” என்றார். தேடினேன். 64-ம் எண்ணோடு மனைகள் முடிந்துவிட்டன. என்னுடையது 91.

விஷயம் இதுதான். முன்பக்கம் இருந்த நிலத்துக்கு முறையாக அனுமதி வாங்கி, ரெராவிலும் பதிந்திருக்கிறார்கள். பின்பக்கம் இருந்த வேறு புல எண்ணில் கல் நட்டு, அதே போர்டு, அதே எண்ணைக் காட்டி ‘ஃபேஸ் 2’ என்று விற்கிறார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்து விற்க வேண்டும் என்றால் ரெரா பதிவு இல்லாமல் விளம்பரமே செய்யக்கூடாது. ஃபேஸ் 2 என்றால் அதற்குத் தனிப் பதிவு, தனி எண். இது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

வக்கீல் இன்னொன்றையும் காட்டினார், அதைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. எங்கள் மனைக்குப் போகும் 30 அடி ரோடு என்று அந்தப் பையன் நடத்திக் கூட்டிப்போன இடம் வரைபடத்தில் பச்சைக் கட்டம். பூங்கா. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அந்தத் திறந்தவெளி நிலத்தையே தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் கொடுத்துவிட வேண்டும். இது அப்படிக் கொடுத்த நிலம். ரோடு அதுவரை வந்து நின்றுவிடுகிறது. ஆகவே நான் வாங்க இருந்த மனைக்கு அனுமதி இல்லை என்பது மட்டுமல்ல, வழியும் இல்லை. ஊராட்சி நினைத்தால் ஒரே நாளில் வேலி போட்டு அடைத்துவிடலாம்.

ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். மேனேஜர் கொஞ்சம்கூட அசரவில்லை. “பேங்க் வக்கீல்னா அப்படித்தான் சார் சொல்வாங்க. அப்ரூவல் பிராசஸ்ல இருக்கு. அவசரம்னா விவசாய நிலமா சென்ட் கணக்குல இப்பவே பதிஞ்சு கொடுத்துடறோம், ரெண்டே முக்கால் சென்ட். அப்புறமா ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்.”

இந்த ‘அப்புறமா ரெகுலரைஸ்’ என்ற வார்த்தையை யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். அனுமதி பெறாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல், அதையே சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் அமலுக்கு வந்தது. 2017-ல் வந்த வரன்முறை (ரெகுலரைஸ்) திட்டம் அந்த அக்டோபர் 20-க்கு முன்னால் போட்ட மனைகளுக்கானது. நான் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். 2021 வரை இந்த நிலம் மொத்தமாக நஞ்சை, மனை என்ற பேச்சே அதில் இல்லை. செயற்கைக்கோள் படத்தில் பழைய தேதிகளைத் தள்ளிப் பார்த்தேன், வரப்பு தெரிகிறது, நாற்று தெரிகிறது. இதை வரன்முறை செய்ய எந்த விதியில் இடம்? சென்ட் கணக்கில் பதிந்திருந்தால் இன்று வீடு கட்ட அனுமதி கிடைக்காத ஒரு துண்டு வயலுக்கு நான் சொந்தக்காரன். அந்தத் துண்டுக்குப் பாதையும் கிடையாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரல் மாறியது. டோக்கன் திரும்பத் தர மாட்டார்களாம், மீதியில் 25 சதவீதம் ‘கேன்சலேஷன்’ பிடிப்பார்களாம். ஒப்பந்தத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறதாம். இருந்தது. வேன் ஓட்டி வந்த பையனின் நம்பர் அதற்குள் உபயோகத்தில் இல்லை.

என் வக்கீலின் நோட்டீஸ் போனது. பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவருக்கு வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்கிற 12-வது பிரிவையும், மேலே சொன்ன 13-ஐயும் குறிப்பிட்டு எழுதினார். அதன் பிறகு தலா ஒன்றரை லட்சத்துக்கு இரண்டு காசோலைகள் வந்தன. ஒன்று பாஸ் ஆனது, ஒன்று திரும்பிவிட்டது. திரும்பியதைக் காட்டி மறுபடி ஒரு நோட்டீஸ் அனுப்பியதில் அந்தத் தொகையும் வந்தது. கடைசி ஒன்றரை லட்சம் வரவில்லை. அதற்குத்தான் ரெராவில் புகார். என்னிடம் இருக்கும் பெரிய ஆதாரம், பணத்தை எல்லாம் வங்கி வழியாக அனுப்பியது. வேனில் வந்த இன்னொருவர் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு இரண்டு லட்சம் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார். அவரிடம் ஒரு துண்டு ரசீதுகூட இல்லை.

டோக்கன் போடுவதற்கு முன்னால் ரெரா எண் ஒன்றை மட்டும் தட்டிப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அந்தத் தளத்திலேயே அனுமதி வரைபடம் கிடைக்கும். இறக்கி வைத்துக்கொண்டு, உங்கள் மனை எண்ணும் புல எண்ணும் அதில் இருக்கிறதா, ரோடு எங்கே முடிகிறது, பச்சைக் கட்டம் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்தில் நான் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஷிஃப்ட் முடிந்து வரும்போது வண்டியை அந்தப் பக்கம் திருப்பினேன். பூங்கா இடத்தைச் சுற்றி ஊராட்சி கல்தூண் நட்டுக் கம்பி வேலி போட்டிருக்கிறது, உள்ளே நாலைந்து வேப்பங்கன்றுகள். வேலிக்கு அந்தப் பக்கம் 91 என்று மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் அப்படியே நிற்கிறது.