ஜாஸ் புகுந்த வீடுகள்: 2010-களில் எனக்குப் பிடித்த ஆல்பங்கள்

2010 முதல் 2019 வரை வந்த மேற்கத்திய ஆல்பங்களில் மனத்துக்கு நெருக்கமானவை சோல், ராப், ராக், டான்ஸ் என்று வகைவகையாக இருக்கின்றன. ஆனால் யார் வாசித்தார்கள் என்று பார்த்தால் ஜாஸ் மேடையில் வளர்ந்தவர்களின் பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அந்தப் பத்தாண்டின் நல்ல இசைக்கு அவர்கள்தான் முதல் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே அமெரிக்க சோல் பாடகர் டி'ஏஞ்சலோவின் 'பிளாக் மெசையா'. அவருடைய முந்தைய ஆல்பமான 'வூடூ' வந்து 14 ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பரில் வெளியான சோல் ஆல்பம். 12 பாட்டு, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. டேப்பில் பதிவானது. ஒலியை மாற்றும் கணினி மென்பொருளான டிஜிட்டல் பிளக்-இன் எதையும் பயன்படுத்தவில்லை என்று உறைக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். பேஸ் கிட்டார் பினோ பல்லாடினோ, டிரம்ஸ் பெரும்பாலும் குவெஸ்ட்லவ், ட்ரம்பெட் ஜாஸ் உலகின் ராய் ஹார்க்ரோவ்.

முதல்முறை கேட்கிறவருக்குத் தாளம் தடுமாறுகிறதோ என்று தோன்றும். தடுமாற்றம் இல்லை, எல்லாம் தெரிந்தே செய்தது. டிரம்ஸில் பளிச்சென்று ஒலிக்கும் ஸ்னேரின் அடி விழ வேண்டிய இடத்துக்கு ஒரு நூல் பின்னால் விழுகிறது. பேஸ் சில இடங்களில் அதற்கும் பின்தங்கி வந்து சேர்கிறது. காலப்பிரமாணம் மட்டும் அசையாது. போன் ஸ்பீக்கரில் இது பிடிபடாது. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸின் கீழ்ச் சுரங்கள் எழும்பாததால், துணையில்லாத டிரம்ஸ் தனியாகத் தள்ளாடுவதுபோல் கேட்கும். காதை நன்றாக அடைத்து உட்காரும் இயர்போனாவது வேண்டும்.

அடுத்த சிக்கல் குரல். பல அடுக்காகப் பாடி வாத்தியங்களுக்குள் புதைத்திருப்பதால் வரிகள் தெளியாது. அதற்காக ட்ரெபிளை (உச்ச ஒலிகளை) ஏற்றினால் குரல் தெளியாது, சிம்பல்தான் காதைக் குத்தும். வரிகளை எதிரில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேட்டுவிடுவதே வழி. இரண்டாவது பாட்டான 'தவுசண்ட் டெத்ஸ்' வேண்டுமென்றே கரகரவென்று அமைக்கப்பட்டது. அதைக் கேட்டுவிட்டு ஹெட்போனைச் சந்தேகப்பட வேண்டாம். நுழைவதற்கு எளிய வாசல் ஐந்தாவது பாட்டு 'ரியலி லவ்'. ஜாஸ் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்று பார்க்க ஒன்பதாவதான 'பிட்ரே மை ஹார்ட்'.

ராப் பாடகர் கெண்ட்ரிக் லாமாரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃபிளை' (மார்ச் 2015) 16 பாட்டு, ஏறக்குறைய 79 நிமிடம். தண்டர்கேட், டெரஸ் மார்ட்டின், கமாசி வாஷிங்டன், ராபர்ட் கிளாஸ்பர் என்று ஜாஸ் பட்டாளமே உள்ளே இருக்கிறது. இதை ஷஃபிளில், அதாவது வரிசை கலைத்துப் போட்டால் கெட்டது. பாட்டுகளுக்கு நடுவே ஒரு கவிதை சில வரிகளாகத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீண்டு, கடைசிப் பாட்டான 'மார்ட்டல் மேன்'இல்தான் முழுமையாகிறது. அதே பாட்டில் 1994-ல் பதிவான ஒரு பேட்டியிலிருந்து, மறைந்த ராப் பாடகர் டுபாக்கின் குரலை எடுத்து, அவரோடு உரையாடுவதுபோல் அமைத்திருக்கிறார். 12 நிமிடம் என்று பார்த்துத் தாண்டிவிட்டால் ஆல்பத்தின் முடிச்சே அவிழாது. 'ஐ' என்ற பாட்டு முன்பே சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக வந்தது. ஆல்பத்தில் இருப்பது வேறு வடிவம், நடுவில் கூட்டத்தில் சண்டை மூண்டு பாட்டு நின்றுபோகும். ஃபைல் பழுது அல்ல. ஒரே மூச்சில் கேட்கக் கனமாக இருந்தால் எட்டாவது பாட்டோடு நிறுத்தி, மீதியைப் பிறகு கேட்கலாம். ஆறையும் ஏழையும் மட்டும் பிரிக்காதீர்கள்: 'யூ'வில் இருக்கும் நொறுங்கலுக்கு 'ஆல்ரைட்' உடனே வந்து பதில் சொல்கிறது.

சாக்சபோன் கலைஞரான கமாசி வாஷிங்டன் அதே ஆண்டு மே மாதம் வெளியிட்ட 'தி எபிக்' மூன்று வட்டுகள், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நாளுக்கு ஒரு வட்டு போதும். பாடகர் குழுவும் வயலின்களும் சில இடங்களில் மிகையாகத்தான் போகின்றன. முதல் வட்டின் 'சேஞ்ச் ஆஃப் தி கார்ட்' அதை மன்னிக்க வைக்கும்.

லாமாரின் ஆல்பத்தை ராக் பாடகர் டேவிட் போவி 'பிளாக்ஸ்டார்' பதிவு செய்த ஸ்டுடியோவிலும் விரும்பிக் கேட்டிருக்கிறார்கள். தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டியே இதைச் சொல்லியிருக்கிறார். 'பிளாக்ஸ்டார்' 2016 ஜனவரி 8 அன்று, போவியின் 69-வது பிறந்தநாளில் வந்தது. இரண்டு நாளில் அவர் காலமானார். நியூயார்க்கில் ஒரு சிறு ஜாஸ் கூடத்தில் சாக்சபோன் கலைஞர் டானி மெக்காஸ்லினின் குழுவைக் கேட்டு, அந்தக் குழுவையே ராக் ஆல்பத்துக்கு அழைத்துக்கொண்டார். 7 பாட்டு, 41 நிமிடம். மார்க் கில்லியானாவின் டிரம்ஸை மட்டும் ஒருமுறை தொடர்ந்து பாருங்கள்: கணினி நிரலில் எழுதியதுபோன்ற வேக அடிகளைக் கையால் வாசிக்கிறார். தலைப்புப் பாட்டு பத்து நிமிடத்துக்குச் சில நொடிகள் முன்பே முடிவதற்குக் காரணம், ஆப்பிளின் இசைக் கடையான ஐடியூன்ஸ் பத்து நிமிடத்தைத் தாண்டியவற்றைச் சிங்கிளாக விற்காததுதான்.

டாஃப்ட் பங்க்கின் 'ராண்டம் ஆக்சஸ் மெமரீஸ்' (2013) மின்னணு இரட்டையரின் ஆல்பம். டிரம்ஸோ பெரும்பாலும் மனிதர்கள் வாசித்தது. 'ஜியார்ஜியோ பை மொரோடர்' பாட்டில் வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவில் இருந்த ஒமார் ஹக்கீம் அடிப்பதைக் கேளுங்கள். புது ஸ்பீக்கர் வாங்குமுன் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல பாட்டு தெரியாது. ஆல்பத்தின் நடுப்பகுதி கொஞ்சம் தொய்யும். ஆப்பில் கிராஸ்ஃபேடைப் பூஜ்யத்தில் வைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் ஒவ்வொரு பாட்டின் முடிவும் அடுத்ததன் தொடக்கத்தில் கரைந்துவிடும். இங்கே உள்ள எல்லா ஆல்பத்துக்கும் இது பொருந்தும்.

முழுக்க ஜாஸாகவே இருப்பதில் பியானோ கலைஞர் விஜய் ஐயரின் 'பிரேக் ஸ்டஃப்' (2015). இவர் அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் மகன். ஆல்பத்தில் பியானோ, பேஸ், டிரம்ஸ் மட்டும். 'ஹுட்' பாட்டு டெட்ராய்ட் நகரின் டெக்னோ (எந்திரத் தாள நடன இசை) கலைஞர் ராபர்ட் ஹுட்டுக்குக் காணிக்கை. மூவரும் சின்னச் சின்னத் துண்டுகளைத் திருப்பித் திருப்பி வாசித்தே அந்த எந்திர ஓட்டத்தைக் கொண்டுவருகிறார்கள். அதற்கு முன் 2011-ல் கிட்டார் பிரசன்னா, தபலா நிதின் மிட்டாவோடு 'தீர்த்தா' வெளியிட்டார். கிட்டாரில் கமகம் கேட்கும். கர்நாடக இசை பழகியவர்கள் இந்தப் பட்டியலைத் 'தீர்த்தா'விலிருந்து தொடங்கி 'பிரேக் ஸ்டஃப்', 'பிளாக்ஸ்டார்' என்று போகலாம். 'பிளாக் மெசையா'வைக் கடைசியில் வையுங்கள்.