பத்து விரலும் ஒரு ஒட்டுத்தாளும்: தீர்க்கதரிசனச் சுவர்ப்படம், ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்

வாலிபர் வேதபாட வகுப்புக்காக வாங்கினேன். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் கனவில் கண்டு, தானியேல் தீர்க்கதரிசி அர்த்தம் சொன்ன சிலை ஆளுயரத்துக்கு நிற்கிறது: பொன் தலை பாபிலோன், வெள்ளி மார்பு மேதிய பெர்சியா, வெண்கல வயிறு கிரேக்கு, இரும்புக் கால் ரோமாபுரி. கடைசி வரிசையிலிருந்தும் எழுத்து தெரிகிறது. துணியும் கெட்டி. நான்காவது ராஜ்யம் கிரேக்குதான், கி.மு. 167-இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய கிரேக்க வம்சத்து ராஜா அந்தியோகுவைத்தான் தானியேல் புத்தகம் குறிக்கிறது என்று படிப்பவர்களும் உண்டு. அதைப் பற்றி மூச்சே இல்லை. போகட்டும்.

சிக்கல் பாதத்தில். பத்து விரலுக்கும் சேர்த்து நீளமாக ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, 'வரப்போகும் பத்து ராஜாக்கள்' என்று அச்சடித்திருக்கிறார்கள். ஒரு ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். சுண்டுவிரலில் 'கிரீஸ்' என்றிருந்தது. விஷயம் புரிந்துவிட்டது. 1981-இல் கிரீஸ் சேர்ந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பத்து நாடுகளானபோது, 'இதோ பத்து விரல்' என்று பிரசங்கித்தவர்கள் உண்டு. 1986-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் வந்து சேர்ந்தன. பன்னிரண்டு விரலுக்குச் சிலை எங்கே போகும்?

"அடியில இன்னொரு ஒட்டு இருக்குமோ அண்ணா?" என்றான் ஒரு பையன். வகுப்பே சிரித்தது, நானும்தான்.

கூட வரும் கையேடு இதைவிட மோசம். ஏசாயா 45-இல் கர்த்தர் பெர்சிய ராஜா கோரேசை 'அபிஷேகம்பண்ணின'வன் என்கிறாராம். ஆகவே இன்றைக்கும் தேவன் எழுப்பும் 'கோரேசு'களுக்கு நாம் துணைநிற்க வேண்டுமாம். அமெரிக்காவில் டிரம்புக்கு இந்தப் பெயர் சூட்டியவர்களை நினைத்துக்கொண்டேன். கோரேசு கர்த்தரை அறியாதவன் என்று அதே அதிகாரம் சொல்வதைக் கையேடு விட்டுவிட்டது. பெயரைச் சூட்டியாயிற்று என்றால், அப்புறம் அந்தத் தலைவரிடம் யார் கணக்குக் கேட்பது? தானியேலோ ராஜாவின் முகத்துக்கு நேரே, 'பொன்னான தலை நீர்தான், ஆனால் உமக்குப் பிறகு வேறொரு ராஜ்யம் எழும்பும்' என்றான்.

கனவின் முடிவில் வரும், கைகளால் பெயர்க்கப்படாத அந்தக் கல்? சிலையை நொறுக்கி, பர்வதமாகிப் பூமியை நிரப்பிய கல்? இடது மூலையில், பதிப்பகத்தின் முகவரிக்குக் கீழே, கட்டைவிரல் அளவு.

இப்போது முழங்காலுக்குக் கீழே சுருட்டிக் கட்டிவிட்டுத்தான் பாடம் எடுக்கிறேன். படத்தை மாற்றித் தரமுடியுமா என்று கேட்டு எழுதியிருந்தேன். மூன்று வாரம் கழித்து உறை வந்தது. உள்ளே, பாத அளவுக்கு வெட்டிய புது ஒட்டுத்தாள்.