ஒரு வருஷம் ஸ்கவுட் குரூப்ல: பிள்ளைய சேர்க்கலாமான்னு கேக்கறவங்களுக்கு

பொண்ணை ஸ்கவுட்ல சேர்த்து ஒரு வருஷம் ஓடிடுச்சு. சேர்க்கலாமா வேணாமா, எப்படி இருக்குன்னு நிறைய பேர் கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி முடியல, அதான் மொத்தமா எழுதிடறேன். ரேட்டிங் முதல்லயே சொல்லிடறேன். ஒரு சர்வீஸா மட்டும் பாத்தா 5க்கு 3. பிள்ளைங்களுக்கு என்ன கிடைக்குதுன்னு பாத்தா தாராளமா 4.5. ரெண்டுக்கும் நடுவுல இவ்ளோ வித்தியாசம் ஏன் வருதுன்னு கீழ சொல்றேன்.

இங்க சம்பளம் வாங்கற ஆள் ஒருத்தர் கூட கிடையாது. யூனிஃபார்ம், பேட்ஜ், பாடத்திட்டம், லீடர்களுக்கு ட்ரெய்னிங் இதெல்லாம் மேல இருக்கற தேசிய அமைப்புலேர்ந்து வருது, ஆனா ஹால் புக் பண்றது, சந்தா கணக்கு, டென்ட்ட ஒட்டு போடறது, யார் பிள்ளைக்கு எது ஒத்துக்காதுன்னு லிஸ்ட் வச்சிருக்கறது எல்லாம் வேலை முடிஞ்சு வந்து சட்டைய மாத்திட்டு நிக்கற நாலஞ்சு பேரோட தலையில தான். இது தெரியாம சேர்த்தா முதல் மாசமே கடுப்பாவீங்க. மெசேஜ் போட்டா ராத்திரி பதினோரு மணிக்கு தான் பதில் வரும், ஏன்னா அவங்களுக்கு அப்ப தான் நேரம்.

வெயிட்டிங் லிஸ்ட் பத்தி எல்லாரும் கேக்கறாங்க. ஹால்ல இடம் இல்லாம லிஸ்ட் நீளல. இத்தனை பிள்ளைங்களுக்கு இத்தனை பெரியவங்க இருக்கணும்னு கணக்கு இருக்கு, லீடர் இல்லன்னா சேர்க்க முடியாது, அவ்ளோ தான் விஷயம். எங்க குரூப்ல ஒரு அம்மா நானும் வந்து ஹெல்ப் பண்றேன்னு சொன்னதும் லிஸ்ட் டக்குனு நகர்ந்துச்சு. இத குறுக்கு வழின்னு சிலர் முணுமுணுத்தாங்க, எனக்கு அப்படி தோணல, அந்த அம்மா வந்ததால தானே இன்னும் சில பிள்ளைங்களுக்கும் சேர்த்து இடம் கிடைச்சுது.

பாதுகாப்பு விஷயத்துல எனக்கு குறையே இல்ல. லீடரா வர்றவங்கள பின்னணி விசாரிச்சு தான் எடுக்கறாங்க, எந்த பெரியவரும் ஒரு பிள்ளையோட தனியா இருக்கக்கூடாதுன்னு ரூல், பிள்ளைங்களுக்கு தனியா மெசேஜ் அனுப்பக்கூடாது, கேம்ப்ல பெரியவங்க டென்ட் வேற பிள்ளைங்க டென்ட் வேற. நீங்க எந்த ஊர்ல எந்த குரூப்ல சேர்த்தாலும் இத கேளுங்க, கேட்டா முகம் சுளிக்கற குரூப்பா இருந்தா அப்படியே திரும்பி வந்துடுங்க.

வாராவாரம் மீட்டிங்க்கு ஒரு அச்சு இருக்கு, கொடி ஏத்துவாங்க, யூனிஃபார்ம் சரியா இருக்கான்னு பாப்பாங்க, ஒரு ஓட்டம் ஆட்டம், அப்பறம் ஏதாவது ஒரு வேலை, கடைசியா கொடி இறக்கி வீட்டுக்கு. வெளிலேர்ந்து பாக்கறவங்களுக்கு சத்தம் தான் தெரியும். நானும் முதல்ல என்னடா இது சந்தைக்கடையா இருக்குன்னு தான் நினைச்சேன். ரெண்டு மூணு வாரம் பாத்ததுக்கு அப்பறம் தான் புரிஞ்சுது, அந்த கூட்டம் மொத்தமும் சின்ன சின்ன பேட்ரோலா பிரிஞ்சு இருக்கு, ஒரு பேட்ரோல்ல ஆறிலேர்ந்து எட்டு பிள்ளைங்க, அதுல ஒரு பிள்ளை தான் பேட்ரோல் லீடர், இன்னொண்ணு அசிஸ்டன்ட். பெரியவர் ஒரு விஷயத்த பேட்ரோல் லீடர்களுக்கு மட்டும் சொல்லிக் கொடுப்பார், அவங்க போய் தங்களோட ஆளுங்களுக்கு சொல்லணும். பாதி தப்பா தான் போய் சேரும். அத அவங்களே சரி பண்ணிப்பாங்க.

இது புதுசா கண்டுபிடிச்ச டெக்னிக் எல்லாம் இல்ல. 1907 ஆகஸ்ட்ல ஸ்கவுட் இயக்கத்த ஆரம்பிச்ச பேடன் பவல் இங்கிலாந்துல பிரவுன்சீ தீவுல 20 சொச்சம் பசங்கள கூட்டிட்டு போய் முதல் கேம்ப் போட்டப்பவே நாலு பேட்ரோலா பிரிச்சு தான் நடத்தினார், அதுலயும் பணக்கார வீட்டு பசங்களையும் உழைக்கற குடும்பத்து பசங்களையும் கலந்து விட்டார். எங்க குரூப்ல இன்னிக்கும் அதே கதை தான், என் பொண்ணோட பேட்ரோல்ல இருக்கற பிள்ளைங்கள வேற எந்த இடத்துலயும் அவ சந்திச்சிருக்கவே மாட்டா, வயசும் வேற ஸ்கூலும் வேற. டியூஷன்லயும் டான்ஸ் க்ளாஸ்லயும் எல்லாம் ஒரே வயசு ஒரே மாதிரி பிள்ளைங்க. இங்க பத்து வயசு பிள்ளைக்கு பதிமூணு வயசு அக்கா ஷூ லேஸ் கட்ட கத்துக் கொடுக்குது, அதட்டலோட தான், ஆனாலும்.

உறுதிமொழி எடுக்கற நாளுக்கு பெற்றோர கூப்பிடுவாங்க, போங்க. மூணு விரல் சல்யூட், இடது கையால கை குலுக்கறது, ஸ்கார்ஃப் கழுத்துல விழறது எல்லாம் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும், ஆனா பிள்ளைங்க அத ரொம்ப சீரியஸா எடுத்துக்கறாங்க. அந்த ஸ்கார்ஃப் வெறும் அலங்காரம்னு நினைச்சிருந்தேன், முதலுதவி வாரத்துல அதயே மடிச்சு உடைஞ்ச கைய கழுத்துலேர்ந்து தொங்கவிட்டு கட்டறாங்க. அப்பறம் பேட்ஜ். ஒரு வார்த்தை எச்சரிக்கை, பேட்ஜ் தைக்கற வேலை உங்களோடது. அந்த துணி தடிமனுக்கு ஊசி வளையும், பசை போட்டு ஒட்டிடலாம்னு யோசிக்காதீங்க, ஒரு தடவ துவைச்சா போதும், உரிஞ்சுடும்.

முடிச்சு பத்தி சொல்லணும். மாசக்கணக்குல கயிறு, கயிறு, கயிறு தான். ரீஃப் நாட், க்ளவ் ஹிட்ச், போலைன், ஷீட் பெண்ட்னு பேர் பேரா சொல்லிட்டு வீட்ல நாற்காலி கால் ஒண்ணு விடல. உலக ஸ்கவுட் சின்னத்த சுத்தி ஒரு கயிறு வரைஞ்சிருக்கும் பாருங்க, அதுல கீழ இருக்கறது அந்த ரீஃப் நாட் தான். எனக்கு பிடிச்சது என்னன்னா எந்த முடிச்சு எதுக்கு கூடாதுன்னும் சேர்த்து சொல்லித் தர்றாங்க. ரீஃப் நாட் கட்டு போடறதுக்கு நல்லது, தட்டையா உக்காரும், ஆனா பாரம் தாங்கற ரெண்டு கயிற இணைக்க அத நம்பக்கூடாது, ஒரு முனைய வெடுக்குனு இழுத்தா கழண்டுடும்னு என் பொண்ணு செஞ்சே காமிச்சா. ரெண்டு கம்ப குறுக்க வச்சு கட்டற ஸ்கொயர் லாஷிங் இன்னும் சுவாரசியம், நிக்கற கம்புல ஒரு க்ளவ் ஹிட்ச் போட்டு ஆரம்பிச்சு, மூணு சுத்து சுத்தி, அப்பறம் ரெண்டு கம்புக்கும் நடுவுல புகுந்து இறுக்கி ரெண்டு சுத்து. அந்த நடு சுத்துல கஞ்சத்தனம் பண்ணா மொத்தமும் ஆட்டம் கண்டுடும். இவங்க கட்டின பாத்திர மேடை ஆடுச்சு, சாஞ்சுது, பிரிச்சாங்க, திரும்ப கட்டினாங்க. லீடர் பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்தார், வாயே திறக்கல.

கேம்ப்ல தான் இந்த குரூப் எப்படின்னு முழுசா தெரிஞ்சுது எனக்கு. ஹெல்ப்புக்கு ஆள் வேணும்னு கூப்பிட்டதால நானும் போனேன். ராத்திரி பூரா மழை, விடியும்போது விறகு எல்லாம் ஈரம், ஒவ்வொரு பேட்ரோலும் தன்னோட அடுப்புல தானே சமைக்கணும். என் பொண்ணோட பேட்ரோல் பேப்பர வச்சு வச்சு கொளுத்துது, புகை தான் வருது, ஒருத்தன் இருமறான், ஒருத்தி அழப்போறா, எனக்கு கை பரபரன்னு இருக்கு. எழுந்திருக்கப் போனேன், பெரிய லீடர் உக்காருங்கன்னு கையால சைகை காட்டிட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு பேட்ரோல் லீடர் பையன் ஒரு கட்டைய தூக்கிட்டு கயிறு கட்டி வேலி போட்ட இடத்துக்கு போனான், கோடாரி புழங்கற இடம் அது, உள்ள ஒரு ஆளுக்கு மேல போகக்கூடாது. ரெண்டா பிளந்தான், உள்ள காஞ்சு வெளேர்னு இருந்துச்சு. அந்த உள் பக்கத்த கத்தியால மெல்லிசா சீவி, சுருள் சுருளா கட்டையோடயே விட்டு, அதுல தீக்குச்சி வச்சான். பத்திக்கிச்சு. சாப்பாடு அடிப்பிடிச்சு தான் போச்சு, மணியும் மதியத்த நெருங்கிடுச்சு, ஆனா அந்த பேட்ரோல்ல ஒரு பிள்ளை கூட மிச்சம் வைக்கல. வீட்ல இதே பொண்ணு தட்டுல என்னெல்லாம் ஒதுக்குவான்னு எனக்கு தான் தெரியும்.

அந்த லீடர்கிட்ட அப்பறம் கேட்டேன், எப்படி சார் சும்மா உக்காந்திருக்கீங்கன்னு. அது தான் இந்த வேலையிலயே கஷ்டமான பகுதின்னு சொல்லிட்டு டீ குடிக்க போயிட்டார்.

கேம்ப் முடிஞ்சதும் யாரும் சொல்லாத ஒரு சமாச்சாரம் இருக்கு, ஈர டென்ட். ஈரத்தோட மடிச்சு ஸ்டோர்ல போட்டா பூசணம் பிடிச்சு அடுத்த வருஷம் தூக்கிப் போட வேண்டியது தான். அதனால குடும்பத்துக்கு ஒரு டென்ட்னு பிரிச்சு கொடுத்துட்டாங்க. எங்க வீட்டு ஹால்ல கதவுலேர்ந்து ஜன்னல் வரைக்கும் அது தொங்கிட்டு இருந்துச்சு, ரெண்டு நாள் குனிஞ்சு குனிஞ்சு தான் நடந்தோம், மண்ணு வாசனை வேற. வாங்கிட்டு போன சில பேர் திருப்பிக் கொடுக்க மாசக்கணக்காச்சு, ஸ்டோர் பாத்துக்கறவர் ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி கெஞ்சினார். இந்த மாதிரி வேலைக்கு எல்லாம் பேட்ஜ் கிடையாது பாவம்.

வருஷத்துல மத்த விஷயங்கள் சுருக்கமா. பிப்ரவரி 22 ஸ்தாபகர் நாள், பேடன் பவல் பிறந்த நாள், அவர் மனைவி ஓலேவ் பிறந்ததும் அதே தேதி தான், பேச்சும் கேக்கும்னு போச்சு, சுமார். ஆகஸ்ட் 1 அன்னிக்கு பழைய ஸ்கவுட்டுங்க எல்லாம் ஸ்கார்ஃப் போட்டுட்டு வேலைக்கு போவாங்க, வேடிக்கையா இருக்கும். அக்டோபர்ல ஹாம் ரேடியோ, அதாவது தனி ஆளுங்க ஆர்வத்துல வச்சிருக்கற ரேடியோ செட், அது வழியா வேற நாட்டு ஸ்கவுட்டுங்களோட பேசறது, 1958லேர்ந்து நடக்குதாம் இது. போன்ல நொடியில வீடியோ கால் பேசற பிள்ளைங்க, கரகரன்னு வந்த ஒரு குரலுக்கு இவ்ளோ குதிப்பாங்கன்னு நான் எதிர்பாக்கல. தெருவ சுத்தம் பண்றது, மரம் நடறதெல்லாம் உண்டு, போட்டோவுக்காக பண்ணற மாதிரி கொஞ்சம் இருந்துச்சுன்னு சொல்லாம இருக்க முடியல.

இப்ப குறைகள். தகவல் தொடர்பு மோசம், ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன். கேம்ப்புக்கு என்னென்ன கொண்டு வரணும்ங்கற லிஸ்ட் முந்தின நாள் சாயங்காலம் மாறுது, வாட்ஸப் க்ரூப்ல குட்மார்னிங் படத்துக்கு நடுவுல முக்கியமான மெசேஜ் புதைஞ்சு போகுது, ஃபார்ம் ஒண்ணையே ரெண்டு தடவ கேக்கறாங்க. நடு வருஷத்துல குட்டிப் பிள்ளைங்க பிரிவோட லீடர் வேலை மாறி வேற ஊர் போயிட்டார், அவர் இடத்துக்கு ஆள் கிடைக்கற வரைக்கும் அந்த பிரிவு வாரம் விட்டு வாரம் தான் நடந்துச்சு. சந்தா கட்டின பெற்றோர் சத்தம் போட்டாங்க. நியாயம் தான். ஆனா அன்னிக்கு சத்தம் போட்டவங்கள்ல வருடாந்திர கூட்டத்துக்கு வந்தது யாருன்னு பாத்தா, காலி நாற்காலி தான். பொருளாளர் கணக்க பைசா சுத்தமா வாசிச்சார், அடுத்த வருஷத்துக்கு செயலாளர் யாருன்னு கேட்டதும் எல்லாரும் தரைய பாத்தாங்க. கடைசில பழைய ஆளே சரின்னு தலையாட்டினார், எத்தனாவது வருஷமோ.

இன்னொரு குறை, எல்லா பேட்ரோலும் ஒரே தரம் இல்ல. பேட்ரோல் லீடர் சரியா அமைஞ்சா அந்த பிள்ளைங்களுக்கு அதிர்ஷ்டம், அமையலன்னா ஒரு டெர்ம் பூரா சண்டை. எங்க குரூப்ல ஒரு பையன் சின்னவங்கள ஓயாம கிண்டல் பண்ணிட்டே இருந்தான், பேட்ரோல் லீடர்கள் கூட்டம்னு ஒண்ணு போடுவாங்க, கோர்ட் ஆஃப் ஆனர்னு பேரு, அதுல பிள்ளைங்களே பேசி தீர்க்கட்டும்னு விட்டாங்க. தீர்ந்துச்சு, ஆனா லேட்டாச்சு, அதுக்குள்ள ஒரு குடும்பம் விலகிடுச்சு. பெரியவங்க ஒதுங்கி நிக்கறது நல்லது தான், இந்த மாதிரி விஷயத்துல சீக்கிரம் உள்ள வரணும்ங்கறது என் கருத்து. இத லீடர்கிட்டயும் சொன்னேன், ஒத்துக்கிட்டார்.

யாருக்கு ஒத்து வராதுன்னா, பிள்ளைய இறக்கி விட்டுட்டு ரெண்டு மணி நேரம் நிம்மதின்னு நினைக்கறவங்களுக்கு. மாசத்துக்கு ஒரு தடவையாவது உங்கள எதுக்காவது கூப்பிடுவாங்க, ஹால் பெருக்க, வண்டியில ஆள் ஏத்த, டென்ட் காய வைக்க. துணி அழுக்காகக்கூடாது, கொசு கடிக்கக்கூடாதுன்னு இருக்கறவங்களுக்கும் கஷ்டம். அமைதியான பிள்ளை, கூட்டத்துல பேசாதுன்னு தயங்கறவங்க தாராளமா சேருங்க, ஏழு பேர் இருக்கற பேட்ரோல்ல ஒளிஞ்சுக்க இடமே இருக்காது, ஏதாவது ஒரு வேலை கைக்கு வந்து தான் தீரும்.

பேர் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மீட்டிங்க்கு போய் ஓரமா உக்காந்து பாருங்க, எந்த நல்ல குரூப்பும் மாட்டேன்னு சொல்லாது. ஹால் பளபளன்னு இருக்கா, டென்ட் புதுசா இதெல்லாம் பாக்காதீங்க. பெரியவங்க எவ்ளோ நேரம் பேசறாங்கன்னு கவனிங்க. முழு நேரமும் லீடர் குரல் மட்டும் தான் கேக்குதுன்னா வேற குரூப் தேடுங்க.