அட்டையை கேமரா முன்னாடி காட்டுங்க: எடைக்குறைப்பு ஊசி தரும் ஆப் ஒன்றின் விமர்சனம்

எடை குறைக்கும் ஊசியை ஆன்லைனில் டாக்டரிடம் பேசி வாங்கலாமா என்று ஆபீசில் தினம் யாராவது கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் அந்த டாக்டர் உங்களைக் கேள்வி கேட்டுக் குடைய வேண்டும். குடையாத இடத்தில் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

எனக்கு 47 வயது. சுகருக்கும் தைராய்டுக்கும் மாத்திரை போடுகிறேன். கோபிசெட்டிபாளையத்திலிருந்து கோயம்புத்தூர் போய் ஹார்மோன் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால் ஒரு நாள் லீவு காலி. அதனால்தான் ஆப் பக்கம் போனேன்.

முதலில் பார்த்த ஆப்பில் உயரம், எடை, வயது கேட்டார்கள். அடுத்த பக்கமே பணம் கட்டச் சொன்னது. டாக்டர் ஒப்புதல் கொடுத்துவிட்டார் என்று சாட்டில் ஒரு செய்தி. எந்த டாக்டர்? பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. நம் நாட்டு டெலிமெடிசின் (போன், வீடியோ வழியாக வைத்தியம் பார்ப்பது) வழிகாட்டுதல் 2020 மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதன்படி இந்த மாதிரி மருந்தை முதல் ஆலோசனையிலேயே எழுதுவதானால் வீடியோவில் பார்த்திருக்க வேண்டும். சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். பணம் கட்டாமல் மூடிவிட்டேன்.

இந்த விமர்சனம் இரண்டாவது ஆப்பைப் பற்றியது. இங்கே டாக்டர் வீடியோவில் வந்தார். எச்பிஏ1சி (மூன்று மாத சுகர் சராசரி), கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி என்று பார்ப்பது) ரிப்போர்ட்டுகளை முன்பே அனுப்பச் சொல்லியிருந்தார்கள். "சுகருக்கு என்ன மாத்திரை போடறீங்கம்மா? அட்டையை கேமரா முன்னாடி காட்டுங்க" என்றார். காட்டினேன். மெட்ஃபார்மின் அப்படியே இருக்கட்டும், கிளிமெபிரைடை மட்டும் பாதியாகக் குறைக்கலாம் என்றார். இந்த ஊசியோடு அது சேர்ந்தால் சுகர் ரொம்ப இறங்கிவிடுமாம். எனக்கு இந்த ஒரு கேள்விக்கே அவருடைய ஃபீஸ் தகும்.

கேள்விகள் அதோடு நிற்கவில்லை. கணையம் வீங்கியதுண்டா, பித்தப்பையில் கல் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா? நம் பெண்கள் பாதிப் பேருக்கு இந்த இடத்தில்தான் பயம் வரும். மெடுல்லரி என்ற அபூர்வ வகைப் புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தால் இந்த ஊசி கூடாது. தைராய்டு குறைவுக்கு மாத்திரை போடுவது தடையில்லை என்று பொறுமையாக விளக்கினார். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் டிர்செபடைட் ஊசி தொடங்கிய நான்கு வாரமும், டோஸ் ஏற்றும்போதெல்லாம் இன்னொரு நான்கு வாரமும் வேறு பாதுகாப்பும் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். பக்கத்து சீட்டுப் பெண் இதே ஊசிதான் போடுகிறாள். அவளிடம் யாருமே இதைச் சொல்லவில்லை.

எழுதிக் கொடுத்தது மவுன்ஜாரோ (டிர்செபடைட்டின் பிராண்ட் பெயர்) வயல், அதாவது சின்ன மருந்துக் குப்பி, 2.5 மில்லிகிராம், வாரம் ஒன்று. 2025-ல் இங்கே அறிமுகமானபோது ஒரு வயல் 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375. மாசத்துக்கு நாலு வேண்டும், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். காசை மிச்சம் பிடிக்க பெரிய டோஸ் வயலை வாங்கி இரண்டாகப் பிரித்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது என்றார் டாக்டர். எந்த டோஸ் வயலானாலும் உள்ளே அரை மில்லிலிட்டர்தான், 100 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் 50-வது கோடு வரை. ஒரே தடவையில் முழுவதும் போட வேண்டும். அமெரிக்காவில் இதே வகை மருந்தான செமாக்ளூடைடைத் தாங்களே தயாரித்துக் கொடுக்கும் மருந்தகங்களின் வயலிலிருந்து தாங்களே அளந்து எடுத்த சிலர் 5 முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதாக அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024-ல் எச்சரித்தது.

டெலிவரி பரவாயில்லை. தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஜெல் பாக்கெட். சித்திரை வெயிலிலும் தொட்டால் ஜில்லென்று இருந்தது. 30 டிகிரிக்குள் என்றால் 21 நாள் வெளியே வைக்கலாம், ஆனால் எங்கள் ஊரில் 30 டிகிரி மார்கழியில்தான். ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசர் பக்கம் வேண்டாம். உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இனி குறை. 5 மில்லிகிராமுக்கு ஏற்றிய வாரத்தில் ஒரு கல்யாண விருந்து. அன்று ராத்திரி முழுக்க வாந்தி. ஆப்பில் இருபத்திநாலு மணி நேர உதவி என்று போட்டிருக்கும் பொத்தானை அழுத்தினால் பேசியது இயந்திரம். தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு அடுத்த மாச பேக்கேஜுக்கு ஆஃபர் காட்டியது! மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவினால் ஊசியை நிறுத்திவிட்டு நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்ததால், எனக்கு அந்த வலி இல்லை என்று கொஞ்சம் தைரியமாக இருந்தேன். விடிந்ததும் வீட்டுக்காரர் தெருமுனை கிளினிக்குக் கூட்டிப் போனார். டிரிப்ஸ் ஏற்றி, கிரியேட்டினினும் பார்த்தார்கள்.

டாக்டருக்கு ஐந்து நட்சத்திரம், ஆப்புக்கு இரண்டு. ஊசியைத் தொடர்கிறேன், அந்த டாக்டரிடமே. ஆனால் உள்ளூர் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டின் நகல் ஒன்று கொடுத்து வைத்திருக்கிறேன்.